அய்யா செடிக்கு மூன்று வாரிசு

1

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் செடிகளைக் கொன்றோம். இதற்கு நாசூக்கான வேறு சொல் இருக்கலாம், எனக்குத் தேடப் பொறுமை இல்லை.

வட ஜெர்மனியில், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய ஒரு கண்ணாடி வீட்டுப் பண்ணையில் நான் வேலை பார்க்கிறேன். ஆர்கிட் பூச்செடி வளர்க்கிறோம். ஓர் அறையில் சில செடிகளுக்கு வைரஸ் பிடித்திருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். முழு அறையையும் அழிக்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். காலையிலிருந்து தொட்டி தொட்டியாகத் தூக்கி அரவை இயந்திரத்தின் வாயில் போட்டோம். பூத்தது, மொட்டு விட்டது, முந்தின நாள் நானே குச்சி கட்டி நிமிர்த்தியது எதுவும் தப்பவில்லை. இயந்திரம் நறநறவென்று மென்று பின்பக்கம் பச்சைக் கூழாகத் துப்பியது. மதியத்துக்குள் என் கையுறை, முகம், தலைமுடி எல்லாம் பச்சை ரத்தம்.

நான் நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். மேற்பார்வையாளர் யூர்கன் பதறிப்போய் வந்தார். நல்ல மனிதர். செடிகளுக்குக் காப்பீடு இருக்கிறது, அழாதே என்றார். அவரிடம் என்னவென்று சொல்வது? போன வருஷம் இதே ஆனி மாதத்தில் என் அக்கா என் அண்ணனின் வலது கையை வெட்டினாள் என்றா?

ஒரு முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். விஷயம் நடந்த மறுநாள், என் அரைகுறை ஜெர்மனில், அண்ணனுக்குக் கை போய்விட்டது, லீவு வேண்டும் என்றேன். இங்கே கைக்கு ஹாண்ட், செல்போனுக்கு ஹேண்டி என்று பெயர். அண்ணன் செல்போனைத் தொலைத்துவிட்டார் என்று யூர்கன் நினைத்துக்கொண்டு, இதற்கெல்லாமா லீவு, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல் என்று சிரித்தார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. பிறகு கழிப்பறைக்குப் போய் நானும் சிரித்தேன், சிரித்து முடித்ததும் வாந்தி எடுத்தேன்.

போடியில் இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தில் வேலைக்கு வந்த யாரோ எடுத்தது, வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. ராசிங்காபுரத்துக்காரி கூடப்பிறந்தவன் கையை வெட்டுகிறாள் பார் என்று தலைப்புப் போட்டு அனுப்பிய புண்ணியவான்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கத்தி விழுந்ததை மட்டும் பார்த்தீர்கள். எதற்காக விழுந்தது, அதன் பிறகு என்ன தெரியவந்தது என்று கேட்க உங்களுக்கு நேரம் இருந்திருக்காது.

2

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூத்தவர் அண்ணன் தங்கராசு. அடுத்தது பாண்டியம்மா அக்கா. கடைசி நான், ஈஸ்வரி. வீடு போடியில், ஏலக்காய்த் தோட்டம் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள். போடிக்காரர்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான். சோறு தமிழ்நாட்டில், செடி கேரளத்தில்.

எங்கள் அப்பாவை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். காட்டு ஓரத்தில் தானாக முளைத்து நின்ற ஓர் ஏலச்செடியை அவர்தான் கண்டுபிடித்துத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். காய் உருண்டையாக இருக்கும், காய வைத்தாலும் பச்சை போகாது. அது போகாவிட்டால்தான் ஏலத்துக்கு விலை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதை அய்யா செடி என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மரபணு ஆராய்ச்சி செய்கிற ஒரு தேசிய நிறுவனத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. மலை மலையாகப் போய், காட்டிலும் தோட்டத்திலும் இருக்கிற ஏல வகைகளைச் சேகரிக்கிறவர்கள் அவர்கள். கொண்டுபோய்ச் சொந்த நிலத்தில் வரிசை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைப்பார்கள். எந்தச் செடி அழுகலைத் தாங்குகிறது, எது பூச்சிக்குப் பணியாது, அதற்குக் காரணமான சங்கதி செடிக்குள்ளே எங்கே இருக்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்ப்பார்கள். நல்லதையும் நல்லதையும் சேர்த்துப் புது வகை உண்டாக்குவார்கள். நாளைக்கு மலை முழுவதும் ஒரே நோயில் செத்தாலும், அவர்களிடம் ஒவ்வொன்றிலும் ஒரு தூர் உயிரோடு இருக்கும்.

இவ்வளவையும் நான் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அய்யாவுக்கு இதில் எவ்வளவு புரிந்ததோ! அவர்கள் ஒரு தூர் கேட்டார்கள். அவர் மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தானே தோண்டி, வேர் அறாமல் மண்ணோடு கட்டிக் கொடுத்தார். சும்மாவா குடுக்குறீக என்று தோட்டத்துக் கங்காணி கேட்டதற்கு, "செடி கேட்டு வந்தவுகள வெறுங்கையோடயா அனுப்புறது? போய்ச் சோலியப் பாருய்யா" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

இங்கே ஜெர்மனியில் எங்கள் பண்ணையை விட்டு வெளியே போகிற செடிகளுக்குப் பாஸ்போர்ட் உண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கே பிறந்தது, யார் வளர்த்தது என்று ஒரு சீட்டு. கல்யாணமாகி வந்து எனக்கு விசா நீட்டிக்க, வேலை அனுமதி வாங்க, ஈஸ்வரி என்பதுதான் என் பெயர், அப்பா பெயர் என் குடும்பப் பெயர் ஆகாது என்று புரியவைக்க எத்தனை கவுண்டரில் நின்றேன்! இந்த ஆர்கிட் பிறந்த அன்றைக்கே பாஸ்போர்ட் வாங்கிவிடுகிறது என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். அய்யா செடிக்கும் அப்படி ஒன்றை யாரோ எங்கேயோ வைத்திருந்தார்கள் என்பதும், அதைப் பார்க்கும் முன்பே எங்கள் வீட்டில் ரத்தம் விழும் என்பதும் அப்போது தெரியாது.

3

ஏலத்தோட்டக்காரர் வீட்டில் பெண் கட்டினால் நகை, பாத்திரத்தோடு இன்னொரு சீரும் உண்டு, எங்கள் வீட்டு வழக்கம் அது. கல்யாணம் முடிந்து முதல் மழை விழுந்ததும், பெண் போன வீட்டுத் தோட்டத்தில் நட அப்பன் தன் தோட்டத்துத் தட்டைகளை வெட்டி அனுப்புவான். ஏலச்செடியின் அடியில் கிழங்கோடு வெடிக்கிற கன்றுக்குத்தான் தட்டை என்று பெயர். அக்காவை ராசிங்காபுரத்துச் சுருளி மாமாவுக்குக் கொடுத்தோம். அவருக்கும் மலையில், எங்கள் தோட்டத்துக்குக் கிட்டத்திலேயே ஒரு துண்டு நிலம் இருந்தது. அய்யா ஒரு ஜீப் தட்டை அனுப்பினார். அக்கா அதைத் தனித் துண்டில் நட்டு, சீர்க்காடு என்று பெயர் வைத்தாள். நான் விமானம் ஏறிவிட்டேன், எனக்குச் சீராக வந்தது ஒரு பொட்டலம் ஏலக்காய்.

அய்யா போன பிறகு தோட்டம் அண்ணனுக்கு வந்தது. ஒரு வருஷம் மழை விடாமல் அடித்து, அழுகல் நோய் இறங்கியது. அண்ணன் தோட்டத்தில் தூர் தூராகக் குழைந்து விழுந்தன. மிஞ்சியதிலிருந்து தட்டை எடுத்து நட்டால் நோயும் கூடவே வரும் என்று பயந்து, அய்யா செடியின் காயையே உடைத்து, விதை போட்டு, நாற்று வளர்த்து, செத்த இடமெல்லாம் நட்டார். மிஞ்சியிருந்த பழைய தூர்களும் அடுத்த மழையில் அழுகிப் போயின, அங்கேயும் நாற்றுத்தான். தட்டையில் வருவது அதே செடி. விதையில் வருவது அதன் பிள்ளை, எந்தச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்ததோ அதற்கும் பிள்ளை. மலையில் இது தெரியாதவர்கள் இல்லை, அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அய்யா தோட்டத்தில், அய்யா செடியில் பிடித்த விதை. அது அய்யா செடி இல்லாமல் வேறு எதுவாக இருக்க முடியும் என்பது அவர் வாதம். போனில் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "நான் அய்யா மாதிரி இல்லையா? அது மாதிரிதானத்தா."

பிறகு அவர் அந்தச் செடியைத் தன் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பித்தார். விவசாயி கண்டுபிடித்த ரகத்துக்கு அப்படி உரிமை வாங்கலாம். வாங்கிவிட்டால், தட்டை விற்கிற ஒவ்வொருவரும் அவரைக் கேட்க வேண்டும். அக்கா ஆட்சேபித்தாள். "அய்யாவுக்கு நானும் பொறந்தவதான். செடி ஏங்கிட்டயும் இருக்கு" என்றாள். அண்ணனோ அய்யா அப்படி ஒரு சீரே அனுப்பவில்லை, சுருளிதான் ராத்திரியில் வந்து தட்டையைத் திருடிக்கொண்டு போனான் என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவரே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். அந்த ஜீப்பில் தட்டையை ஏற்றியதே அவர்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

விவகாரம் அதே தேசிய நிறுவனத்துக்குப் போனது. டாக்டர் லீலா என்று ஒரு விஞ்ஞானி வந்தார். இரண்டு தோட்டத்திலும் இளம் இலை கிள்ளி, தனித்தனிப் பையில் போட்டு, இரண்டு பேரையும் பார்க்க வைத்தே ஒட்டினார். மரபணுவைப் பரிசோதித்துச் சொல்கிறோம், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார்.

பொறுங்கள்! எங்கள் குடும்பத்தைப் பார்த்து!

4

இனி எழுதப்போவது அக்கா சொன்னது, அண்ணன் சொன்னது, வீடியோவில் நான் கண்ணால் பார்த்தது மூன்றையும் சேர்த்து.

அன்றைக்கு மழை. சுருளி மாமா, சீர்க்காட்டிலிருந்து தட்டை வெட்டி, ஒரு ஜீப்பில் லோடு ஏற்றி, வேறொரு தோட்டக்காரருக்குக் கொண்டுபோனார். முன்பே வாக்குக் கொடுத்த லோடு. அண்ணன் போடியிலிருந்து ஆட்களோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார். போடிமெட்டைத் தாண்டி ஒரு வளைவில் இரண்டு ஜீப்பும் நேருக்கு நேர் வந்தன. அண்ணன் தன் ஜீப்பைக் குறுக்கே போட்டார்.

"என் அய்யா சொத்த யாருக்குடா விக்கிற?"

"மச்சான், ரிசல்ட்டு வரட்டும். அதுவரைக்கும்..." என்று மாமா சொல்லி முடிக்கவில்லை. அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தை ஜீப் பானெட்டில் மோதினார். ஒரு தடவை இல்லை. மாமாவின் முன்பல் இரண்டும் உடைந்தன, மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மழைத்தண்ணீரில் ரத்தம் ரேடியேட்டர் வழியாக இறங்கியதாம். அண்ணனின் ஆட்கள் லோடைப் பிரித்து, தட்டைகளைக் கட்டுக் கட்டாகப் பள்ளத்தில் எறிந்தார்கள். பள்ளம் அடி தெரியாத பள்ளம்.

அதோடு நிறுத்தியிருந்தால் பல்லோடு போயிருக்கும். நிறுத்தவில்லை. வண்டியைச் சீர்க்காட்டுக்கு விட்டார்.

வெட்டினால் ஏலம் சாகாது, கிழங்கிலிருந்து மறுபடி தளிர்க்கும். இது தெரிந்தவர் அண்ணன். அதனால் கடப்பாரை கொண்டுவந்திருந்தார். ஒரு தூர் விடாமல் கெல்லி, வேரோடு புரட்டி, ஓர் இடத்தில் குவித்தார்கள். அக்காவின் நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. கடப்பாரையால் ஓர் அடி. நாய் கத்தக்கூட இல்லை. பிறகு குவியல் மேல் டீசலை ஊற்றினார்கள். வீடியோ இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அக்கா கவாத்துக் கத்தியோடு கீழ்ச்சரிவிலிருந்து ஓடிவருகிறாள். கத்தியால் மிரட்டவில்லை. வேலை செய்துகொண்டிருந்த கையில் இருந்தது, அவ்வளவுதான். குவியலுக்கு முன்னால் நின்று கையை விரிக்கிறாள்.

"அண்ணே, வேண்டாம்ணே. அய்யா குடுத்ததுண்ணே. நீதானண்ணே ஏத்தி விட்ட!"

"தள்ளுடி திருட்டு நாயே."

தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளுகிறார். அவள் எழுந்திருக்க, இடுப்பில் மிதிக்கிறார். மறுபடி எழுந்திருக்கிறாள், மறுபடி மிதிக்கிறார். ஆட்களில் ஒருவன் போதும்ணே என்கிறான், அவன் கன்னத்திலும் ஓர் அறை. பிறகு மடியிலிருந்து தீப்பெட்டியை எடுக்கிறார். மழையில் குச்சி பற்றவில்லை. குனிந்து, உடம்பால் மழையை மறைத்து, இன்னொரு குச்சியை உரசுகிறார். பற்றுகிறது. தீயைப் போட்டுவிட்டு நிமிர்கிற நேரத்தில் அக்கா வெட்டினாள்.

ஒரே வெட்டு. ஏலத்தட்டையை அடியோடு சீவுகிற மாதிரி, சாய்த்து. கை தீப்பெட்டியோடு சேற்றில் விழுந்தது. அண்ணன் முதலில் அலறவில்லை. குனிந்து இடது கையால் அதைத் தேடினார். கண்ணாடியைத் தொலைத்தவர் தேடுவது போலத் தேடினார். அதற்குள் டீசல் தீ பிடித்து, பச்சைத்தூர்கள் வெடித்துப் புகைந்தன. அக்கா கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சொல்கிறாள்: "கையை எடுங்கடா. துணியில சுத்துங்கடா. வெரசா ஜீப்ப எடுங்கடா!" வெட்டியவளே சொல்கிறாள். உங்களுக்கு வந்த வீடியோவில் இந்தக் கடைசிப் பகுதி இருந்ததா? எனக்கு வந்ததில் இருந்தது. பரப்பியவர்கள் வெட்டோடு நறுக்கிவிட்டார்கள்.

வளைவு வளைவாக ஜீப் இறங்கித் தேனிக்குப் போய்ச் சேர்ந்தபோது கையை ஒட்டவைக்கும் நேரம் கடந்துவிட்டது. அக்காவைக் கேரள போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. மலையாளத்தில் எழுதிய வழக்கு, தமிழில் அழுகிற அக்கா, ஜெர்மனியில் பண்ணையின் தேநீர் அறையில் போனைப் பிடித்துக்கொண்டு நான்.

5

பரிசோதனை முடிவு வந்தபோது அக்கா ஜாமீனில் இருந்தாள், அண்ணன் கட்டோடு வீட்டில் இருந்தார். டாக்டர் லீலா மூன்று பேருக்கும் அனுப்பினார். கடைச் சாமான் அட்டையில் இருக்கிற கறுப்புக் கோடுகளைப் போல மூன்று வரிசை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மகள் மலர் விளக்கினாள்.

மலர் வேறு ஊரில் தங்கி உயிரியல் படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் வினைச்சொல்லைத் தேடி வாக்கியத்தின் நடுவில் நிற்பாள். ஊர்ப் பேச்சை எடுத்தால் அறைக்குப் போய்விடுகிறவள், இந்தக் கோடுகளைப் பார்த்ததும் மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"மேல இருக்கிறது தாத்தா இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொடுத்த செடி. அவங்க இத்தனை வருஷமா வெச்சிருக்காங்க. அதனாலதான் ஒப்பிட முடிஞ்சது. நடுவுல பெரியம்மாவோடது. பாரு, அப்படியே ஒண்ணு. கீழ தங்கராசு மாமாவோடது. பாதிதான் சேருது. அது தாத்தா செடி இல்லம்மா. அதோட குழந்தை."

"அப்படின்னா?"

"மாமாகிட்ட தாத்தா செடி இல்ல. பெரியம்மாகிட்ட மட்டும்தான் இருந்துச்சு. அதைத்தான் மாமா..."

எரித்தார் என்ற சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. அண்ணன் தன் தோட்டத்தில் கட்டிக்காத்தது அய்யா செடியே இல்லை. மலையில் மிஞ்சியிருந்த அய்யா செடி அத்தனையையும், அய்யா செடியைக் காப்பாற்றுகிறேன் என்று, தன் கையால் கெல்லிக் கொளுத்தினார். அந்தக் கையும் போயிற்று.

"ரிசல்ட் வரப்போகுதுன்னு தெரியுமில்ல? ஏன் வெயிட் பண்ணல?" என்று மலர் கேட்டாள். "ஒரு செடிக்காக? நீங்க எல்லாரும் என்ன மனுஷங்க?"

நீங்க எல்லாரும் என்றாள். என்னையும் சேர்த்து. கையில் இருந்த பீங்கான் தட்டை ஓங்கிச் சுவரில் அடித்தேன். சில்லு அவள் காலடி வரை தெறித்தது. அவள் பயப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாடப்புத்தகத்தைப் பார்ப்பது போல என் கையைப் பார்த்தாள்.

"இது எனக்கும் வந்திருக்குமா அம்மா?"

"வராதுடி. இது என்ன நோயா?" என்றேன். வந்திருக்கும் என்றுதான் பயப்படுகிறேன், கண்ணே. அப்படி எதுவும் கோட்டில் தெரியாது என்று நீயே பிற்பாடு சொன்னாய், ஆனாலும் பயப்படுகிறேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மிஷின் பொய் சொல்லுது, அந்தப் பொம்பளைக்குச் சுருளி காசு குடுத்திருப்பான் என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"ஏத்தா ஈஸ்வரி. அப்ப நான் எரிச்சது?"

"அய்யா செடிண்ணே."

அவர் அழுததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அய்யா செத்தபோதும் அழாதவர். நானும் அழுதேன். ஆனால், எழுதுகிறபோது ஒளிப்பானேன், அக்கா இடுப்பில் மிதித்த காலும் என் கண்முன்னால்தான் இருந்தது.

6

டாக்டர் லீலா மலையாளச் சாயலில் தமிழ் பேசுவார். இந்த மாதத் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். அய்யா கொடுத்த தூர் நிறுவனத்து நிலத்தில் நன்றாக இருக்கிறது என்றார். அழுகலைத் தாங்குகிற புது வகை ஒன்றை உருவாக்க அதையும் ஒரு தாய்ச்செடியாக எடுத்திருக்கிறார்களாம். வீடியோவும் அனுப்பினார். மழையில், ஒரு நம்பர் பலகைக்குப் பின்னால், அய்யா செடி. அடியில் வெள்ளைப்பூ. அடியில் அய்யா கட்டிய சாக்குக்கயிறு இருக்குமோ என்று பைத்தியக்காரி போலத் தேடினேன்.

"ஆய்வுக்கூடத்தில் திசுவிலிருந்து கன்று நிறையச் செய்யலாம் சேச்சி. உரிமை குடும்பத்துப் பெயரில் வேணும்னா, மூணு வாரிசும் சேர்ந்து ஒப்புக்கொள்ளணும். ஒருத்தர் சம்மதிக்கலைன்னாலும் பதிவு இல்லை. அப்போ அது பொதுவில் போகும். கேக்கிற தோட்டக்காரர் எல்லாருக்கும் கன்று கொடுப்போம். உங்க அச்சன் தந்தப்போ ஒரு நிபந்தனையும் போடலை, கேட்டோ."

அன்று மாலையே அண்ணன் கூப்பிட்டார். "ஆத்தா, நீ சரின்னு சொல்லிரு. பேரு மட்டும் ஏம்பேர்ல இருக்கணும். கை போனவன் நானு. எனக்கு வேற என்னத்தா இருக்கு?" அவர் வைத்ததும் அக்கா. "செடியப் பறிகுடுத்தது நானு. ஜெயில்ல கெடந்தது நானு. அவன் பேரு மட்டும் அதுல வரட்டும், மிச்சமிருக்கிற கையையும் எடுத்துருவேன்." ஓங்கிச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்.

அவள் இப்படிச் சொன்னது தெரிந்தால் அண்ணன் என்ன செய்வார்? அவர் மகன்கள் என்ன செய்வார்கள்? கன்று வரும், நடுவார்கள், வேர் பிடிக்கும், முதல் காய் எடுப்புக்குள் யாராவது ஒருவர் செத்திருப்பார்கள். எனக்கு என் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரும் உயிரோடு வேண்டும். வேறு எந்த நியாயமும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கையெழுத்துப் போடுவதென்றால் தூதரகத்தில் நேரம் வாங்க வேண்டும், ரயில் ஏற வேண்டும், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், மறுபடி போக வேண்டும். போடாமல் இருப்பதற்கு எந்தக் கவுண்டரிலும் நிற்க வேண்டியதில்லை. டாக்டர் லீலாவுக்குப் போன் போட்டு, எனக்குச் சம்மதம் இல்லை, கேட்கிறவர்களுக்கு எல்லாம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரே செய்தியாக அனுப்பினேன். அய்யா அன்றைக்குக் கங்காணியிடம் சொன்னதையும் கீழே எழுதினேன்.

ஆர்கிட் கொன்ற அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து, எத்தனை தேய்த்தும் போகாத பச்சைக் கையோடு உட்கார்ந்திருந்தேன். மலரும் வீட்டுக்கு வந்திருந்தாள். ஊரில் இரவாகியிருக்கும், இங்கே கோடை வெயில் இன்னும் சமையலறைக்குள் அடித்தது. அண்ணன் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"பாவி! எங்க வயித்துல அடிச்சிட்டியேடி! அய்யா சொத்த ஊருக்கே அள்ளிக் குடுக்க நீ யாருடி? நீ என்ன தோட்டத்துல களை எடுத்தியா, மருந்து அடிச்சியா?" அண்ணன் கண் சிவந்திருந்தது. துணி சுற்றிய மொட்டைக் கையைத் திரையை நோக்கி ஓங்கினார். என்னை அந்தக் கையால் அறைந்திருப்பார், கை இருந்திருந்தால், நானும் அங்கே இருந்திருந்தால்.

"வெளிநாட்டுல நல்லாத் தின்னு கொழுத்துட்டு எங்களுக்கு நியாயம் சொல்றா," என்று இன்னொரு குரல் வந்தது. "இனி போடி மண்ண மிதிச்சிராத. மிதிச்சா, காலை வெட்டுவேன்."

அக்காவின் குரல். அக்கா அண்ணன் வீட்டில் இருந்தாள். வெட்டு விழுந்த நாளுக்குப் பிறகு கோர்ட்டு வாசலில் தவிர ஒருவரையொருவர் பார்க்காதவர்கள். அவள் முகம் பாதிதான் திரையில் தெரிந்தது.

"சரியாச் சொன்ன," என்றார் அண்ணன் பக்கவாட்டில் திரும்பி. "இன்னும் கொஞ்சம் மேல தூக்கு. அவ மூஞ்சி தெரியல."

படம் ஆடி, உயர்ந்து, மறுபடி நின்றது. இரண்டு பேரும் மாறி மாறித் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கினால் அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். கன்னம் நனைந்து கழுத்து வரை ஓடியது. மலர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"அம்மா," என்று காதோடு சொன்னாள், "பெரியம்மாதான் மாமாவுக்குப் போனைப் பிடிச்சிருக்காங்க."

ஆமாம். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.